இடது மூன்று, வலது ஐந்து

என் இடது காலுக்கு மூன்றாம் அளவு ஷூ, வலது காலுக்கு ஐந்தாம் அளவு. நான்கு வயதில் வந்த போலியோ இடது காலைப் பார்த்து, நீ இவ்வளவு வளர்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. கால் அந்தப் பேச்சை இன்றுவரை தட்டவில்லை. வலது கால் அதுபாட்டுக்கு வளர்ந்தது.

கடைக்காரர்கள் ஒற்றை ஷூ விற்க மாட்டார்கள், கண்ணுகளா. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றில் இடதையும் மற்றதில் வலதையும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். மிச்ச இரண்டும் கட்டிலுக்கு அடியில் போகும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு கட்டிலுக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நூவலா, உண்மையைச் சொல்லு. எத்தனை ஒத்தக்கால்காரிங்களக் கொன்னு இங்க புதைச்சு வச்சிருக்க?"

நாற்பது வயது தாண்டியபின்தான் விடிவு வந்தது. எங்கள் கார்க் ஊர்ப் பக்கத்துப் போலியோக்காரர்கள் கூட்டம் ஆரம்பித்த வருடம் அது. கூட்டத்தின் மாதத் தாளில் வரன் தேடுகிறவளைப் போல ஒரு விளம்பரம் கொடுத்தேன்: "இடது மூன்று, வலது ஐந்து. மறுபாதி தேவை." நான்காம் நாள் தொலைபேசி அடித்தது.

"இடது அஞ்சு, வலது மூணு," என்றது ஒரு கரகரத்த குரல். "பேரு கன்செப்டா. பாண்டன்ல இருக்கேன். வேற எவளாவது கேட்டாளா?"

"இல்லையே."

"அப்ப நான்தான். அக்டோபர் மொத சனிக்கிழமை, ஃபிடெல்மா ஷூக்கடை, பதினோரு மணி. தாமதமா வந்தீன்னா நல்ல நிறத்த நான் எடுத்துக்குவேன்."

அதிலிருந்து முப்பத்தொரு வருடம். மூன்றாம் அளவில் ஒரு ஜோடி, ஐந்தாம் அளவில் ஒரு ஜோடி. கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஆளுக்கு ஒரு பாதி. கார்க் ஊரில் நான் ஓர் அடி வைத்தால், அதே ஷூவின் உடன்பிறப்பு பாண்டனில் ஓர் அடி வைக்கும். வீட்டுக்காரர் இறந்த வருடம்கூட நாங்கள் அந்தச் சனிக்கிழமையைத் தவறவிட்டதில்லை. அன்று இருவருக்கும் கறுப்பு வாங்கினாள் கன்செப்டா. அவளுக்குக் கறுப்பே பிடிக்காது.

இப்படி இருக்க, போன செப்டம்பர் கடைசியில் அவளிடமிருந்து அழைப்பு.

"இந்தத் தடவ நான் வரல, நூவலா. இனிமேயும் வரல. நீ வேற கால் பாத்துக்கோ."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இருக்கிற ஷூவே போதும்." வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் தேநீரில் உப்பைப் போட்டுவிட்டேன். கோபம் ஆறியதும் பயம் வந்தது. ஷூவுக்கு வேறு வழி இருக்கும். கன்செப்டாவுக்குப் பதில் வேறு ஆளுக்கு எங்கே போவேன்? ஏப்ரலிலிருந்து அவள் கூட்டத்துக்கும் வரவில்லை. ஒரு நாள் சளி என்றாள், ஒரு நாள் கார் என்றாள், ஒரு நாள் பூனை என்றாள்.

எங்கள் கூட்டத்தின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கூடியவுடன் முதல் வேலை, விழுந்த கதை. போன மாதம் யார் எங்கே எப்படி விழுந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். சிறந்த விழுகைக்கு, எங்களில் ஒருவனான கோல்மன் தன் கையால் சுட்ட உலர்திராட்சை ரொட்டி பரிசு. "ஐயோ பாவம்" என்று யார் வாயிலிருந்து வருகிறதோ அவர்தான் அன்று கோப்பைகளைக் கழுவ வேண்டும். நிறைய ரொட்டி வாங்கியவள் கன்செப்டாதான். தேவாலய வாசலில் பாதிரியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, அவரையும் புனித நீரையும் சேர்த்துக் கவிழ்த்த கதையை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால் வருவதை நிறுத்துமுன், கடைசி சில மாதங்களாக அவள் முறை வரும்போதெல்லாம், "நான் விழவே இல்ல," என்பாள். நாங்கள் முட்டாள்கள், கை தட்டினோம். இந்த வயதில் எங்கள் எல்லாருக்கும் போலியோவின் பின்பாரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடம் உழைத்த நல்ல தசையும் களைத்துப்போய், இனி என்னால் ஆகாது என்கிற காலம். எனக்கே போன மாதம் மூன்று முறை ரொட்டி கிடைக்க வேண்டியது. ஒன்றைத்தான் சொன்னேன். மருத்துவர் கொடுத்த ஒரு காகிதத்தைச் சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கோல்மனை அழைத்தேன். கூட்டத்திலேயே அவனிடம்தான் காலால் மிதிக்காமல் கையாலேயே ஓட்டுகிற கார் இருக்கிறது. அவன் இரண்டு காலும் பன்னிரண்டு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டன, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"விவாகரத்தா?" என்றான் காரில் ஏறியதும். "முப்பத்தொரு வருஷம் கழிச்சா? பிள்ளைங்க யார் பக்கம்?"

"ஓட்டுடா வாய மூடிக்கிட்டு."

பாண்டனில் கன்செப்டா சமையலறை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, மடியில் பூனை. எழுந்திருக்கவில்லை. "கெட்டில் அங்க இருக்கு. ஊத்திக்கோங்க. ரொட்டி டப்பாவுல இருக்கு. நானே ராணி மாதிரி உக்காந்திருக்கேன், தப்பா நினைக்காதீங்க," என்றாள். இரண்டு ஊன்றுகோல்களும் சுவரோரமாகச் சாய்ந்திருந்தன. அவள் கைக்கு எட்டாத தூரத்தில்.

கோல்மன் கழிவறை எங்கே என்று கேட்டு, தன் ஊன்றுகோல்களில் தட்டுத்தடுமாறிப் போனான். நான் தேநீர் ஊற்றினேன். கரண்டி கீழே விழுந்தது. வேண்டுமென்று போட்டேனா என்று கேட்காதீர்கள், என் கை அப்படித்தான். மேசைக்கடியில் குனிந்தேன்.

போன அக்டோபரில் வாங்கிய பழுப்பு ஷூ. அதன் உடன்பிறப்பு என் காலில் தேய்ந்து, குதியில் ஒரு முறை தைத்து, மழையில் நிறம் மாறிக் கிடந்தது. அவள் காலில் இருந்ததோ கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருந்தது. ஒரு காலை மற்றதன் மேல் போட்டிருந்தாள். அடித்தோலைப் பார்த்தேன். சாப்பாடு பரிமாறலாம், அவ்வளவு சுத்தம்.

நான் நிமிர்ந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் உள் அறையிலிருந்து கடகடவென்று சத்தம். கதவு திறந்தது. பளபளக்கும் சக்கர நாற்காலியில் கோல்மன் உருண்டு வந்தான். தோளில் ஒரு மேசை விரிப்பு, கழுத்தில் இஸ்திரி போடாத ஒரு இரவு உடை.

"கன்செப்டா, இது சும்மா வெண்ணெய் மாதிரி போகுதே! துணிக் குவியலுக்கு அடியில யாரும்மா நிறுத்தி வச்சது? கழிவறைக்குப் போறதுக்குள்ள கால் விட்டுடுச்சு, கைக்கு அகப்பட்டதுல உக்காந்தேன்."

"எறங்குடா அதுலேந்து!" மேசையில் ஓங்கி அடித்தாள். பூனை ஓடியது. "எறங்கு! எல்லாரும் பாத்தாச்சா? சந்தோஷமா?"

கோல்மன் கழுத்திலிருந்த இரவு உடையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒம்போது வயசுல," என்றாள் கன்செப்டா மெதுவாக, "கால்ல கட்டுற காலிப்பர் கம்பி இல்லாம ஆஸ்பத்திரி வார்டுல இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்தேன். நர்ஸுங்க எல்லாம் கை தட்டினாங்க. நீல ரிப்பன் குத்தினாங்க. நடக்கிறவ கெட்டிக்காரி, உக்காந்தவ சோம்பேறின்னு சொல்லித்தான் நம்ம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. போன வருஷம் இதுல உக்காந்தேன். அதுக்கப்புறம் விழவே இல்ல. அதச் சொன்னா, நீங்களும் கை தட்டுறீங்க! அந்தக் கைதட்டலுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இத உருட்டிக்கிட்டு வருவேன்?"

"ஐயோ..." என்று தொடங்கினான் கோல்மன்.

"கோப்பைய நீ கழுவு," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அதில்தான் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. நான் என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. மனதில் இருந்ததைச் சொன்னேன். "சரிடி, உக்காந்துட்ட. அதுக்கு ஏன் ஷூ வேணாங்குற? சக்கரத்துல வர்றவளுக்குக் கால் இல்லையா?"

"எதுக்கு? இந்தப் பழுப்புக் கயிறு கட்டின சனியன் ரெண்டும் காலையிலேந்து ராத்திரிவரைக்கும் நாற்காலி கால்பலகைமேல உக்காந்துகிட்டு, நடக்கலையா, நடக்கலையான்னு என்னையே பாக்குது."

"அப்ப வேற வாங்கு."

"என்ன வேற?" என்றாள். சொன்னவள் நிறுத்தினாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், அதையேதான் நானும் நினைத்தேன். ஃபிடெல்மா கடைச் சன்னலில் வருடா வருடம் ஏதோ ஒரு சிவப்பு ஷூ நிற்கும். மெல்லிய உயர்ந்த குதி, பக்கத்தில் ஒரு சின்ன வார். ஒவ்வொரு அக்டோபரிலும் உள்ளே போகும்முன் இரண்டு பேரும் அங்கே ஒரு நிமிடம் நிற்போம். ஒன்றும் பேச மாட்டோம். உள்ளே போய்ப் பழுப்பு வாங்குவோம்.

"நடக்கணுங்கிறதுக்குத்தான தட்டை ஷூ?" என்றாள் கன்செப்டா. "நடக்கலன்னா?"

"நடக்கலன்னா ஏணி உசரத்துக்குக்கூடப் போடலாம்," என்றான் கோல்மன் கழுவுகிற தொட்டியிலிருந்து.

அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. பாதிரியாரைக் கவிழ்த்த வெளிச்சம். அது என் பக்கம் திரும்பியது.

"ஆனா ரெண்டு ஜோடின்னா நாலு ஷூ ஆச்சே, நூவலா. என் பாதிய நான் போடுவேன். உன் பாதி?"

"நான் நடக்கிறவடி. அதப் போட்டுக்கிட்டு ஒரு அடி வச்சா என் பல்லு தரையில."

"போன மாசம் எத்தன தடவ விழுந்த?"

"ஒண்ணு."

"நூவலா."

"...மூணு."

கோல்மன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். "மூணா? ரெண்டு ரொட்டிய என்கிட்டேந்து மறைச்சிருக்கியா?"

கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சக்கர நாற்காலிக்கான சீட்டு. ஜூனிலிருந்து அங்கே இருக்கிறது. மணி பார்க்கும்போதெல்லாம் கண்ணை அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுவைத்திருந்தேன்.

கன்செப்டா கையை நீட்டினாள், வியாபாரம் பேசி முடிக்கிறவளைப் போல. "நீ அந்தச் சீட்ட அனுப்பு. நான் இத உருட்டிக்கிட்டு வெளிய வர்றேன். உக்காந்து போடுறதுன்னா ரெண்டு பேரும்தான் போடணும். ஒத்தையில மாட்டேன்."

வீட்டுக்குள்ளே நடப்பேன், வெளியே மட்டும்தான் உட்காருவேன் என்று பேரம் பேசினேன். அவளும் அப்படித்தானாம், கட்டிலிலிருந்து அடுப்புவரை. கையைக் கொடுத்தேன். அவள் பிடி இன்னும் இரும்புதான்.

என் நாற்காலி வந்து சேர நான்கு வாரமாயிற்று. ஆகவே அந்த வருடம் மட்டும் ஷூ நாள் நவம்பருக்குத் தள்ளிப் போனது. கடை வாசலில் இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு, நீ முதல், நான் முதல் என்று தெருவையே அடைத்துவிட்டோம். ஃபிடெல்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பெண்.

"வழக்கம்போலப் பழுப்புதான?"

"சன்னல்ல இருக்கிற செகப்பு," என்றாள் கன்செப்டா. "மூணுல ஒரு ஜோடி, அஞ்சுல ஒரு ஜோடி."

ஃபிடெல்மா மண்டியிட்டு எங்கள் நான்கு கால்களிலும் மாட்டினாள். வாரைக் கட்டினாள். பிறகு முப்பத்தொரு வருடமாகச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கத்தில், "எழுந்து நாலு அடி நடந்து பாருங்க, கடிக்குதான்னு..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் ஷூவைவிடச் சிவந்துபோனது.

கன்செப்டா இரண்டு காலையும் முன்னால் நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒல்லி வலது காலும் பருத்த இடது காலும், இரண்டிலும் சிவப்பு.

"வேணாம்மா. கடிக்கல."

அந்த மாதக் கூட்டத்துக்கு அப்படியே போனோம். என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள் அவள். வாசலில் கொஞ்சம் தயங்கினாள் போல, சக்கரச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சத்தம் மறுபடியும் கேட்டது. உள்ளே ஒருவரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது என்று கோல்மன் முன்பே மிரட்டி வைத்திருந்தானாம். எல்லாரும் ஷூவைத்தான் பார்த்தார்கள். விழுந்த கதை அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது, ஏனென்றால் மூலையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவர் காலை மற்றவர் காலோடு வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டி எனக்குத்தான் கிடைத்தது, மறைத்துவைத்த இரண்டு விழுகைகளுக்கும் சேர்த்து. பாதியை வெட்டிக் கன்செப்டாவுக்குக் கொடுத்தேன்.