விடுமுறை நாள் காவல்

மருத்துவமனைக்கு விற்க வந்த மூன்று நிறுவனத்தாரில் அவருடைய பையை மட்டும் திறந்து சோதிக்கும்படி வாசல் காவலாளியிடம் சொன்னவள் அவள்தான். மற்ற இரண்டு நிறுவனத்தாரின் பைகளை யாரும் தொடவில்லை. மாடி ஜன்னலில் நின்று அவள் பார்த்தாள். சார்ஜர், சட்டை, சீப்பு என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்தன. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானது.

முன்பு ஒரு வங்கியில் அவர் அவளுக்கு மேலாளர். விடுமுறை நாட்களில் கணினிகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "லீவு நாள்ல திருடனும் லீவுதாம்மா" என்பார். அப்படி ஒரு விடுமுறையில்தான் திருடர்கள் வங்கிக் கணினிகளுக்குள் புகுந்தார்கள். மறுநாள் இயக்குநர்கள் முன்னால், "இவங்க பொறுப்புல இருந்தது சார்" என்று அவளைக் கைகாட்டினார். அன்றே காவலாளி அவள் பையைச் சோதித்து வெளியே அனுப்பினான். அதன்பின் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டு, அத்தானின் டைல்ஸ் கடையில் போன் எடுத்தே காலம் ஓடியது.

இப்போது இந்த மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்பு அவள் கையில். இரவும் பகலும் கணினிகளைக் கண்காணித்துத் தரும் சேவை ஒன்றை வாங்க வேண்டும். மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டன. அவர் அதில் ஒன்றின் விற்பனைத் தலைவர்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றார், தனியாக இருந்தபோது.

"சேச்சே, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு சார். உங்க ஆளுங்க எல்லா நாளும் உக்காந்து பார்ப்பாங்கல்ல?"

"கண் கொட்டாம பார்ப்பாங்க."

அவள் அதையே மறுபடி ஒருமுறை, மருத்துவமனை இயக்குநர் முன்னால் சொல்ல வைத்தாள்.

பிறகு ஒரு சோதனை. மருத்துவமனைக் கணினிகளைப் போலவே தனியாக ஓர் அமைப்பு. மூவரும் அதைக் காவல் காக்க வேண்டும். இந்த மாதத்தில் ஏதோ ஒரு நாள், கூலிக்கு அமர்த்திய ஆட்கள் அதை உடைத்துப் பார்ப்பார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நாளைக் குறித்தவள் மட்டும் அவள். மாதத்தின் ஒரே பொது விடுமுறையைக் குறித்தாள்.

அன்று நண்பகலில் தாக்குதல் தொடங்கியது. ஒரு நிறுவனத்திலிருந்து உடனே போன் வந்தது. இன்னொன்று தடுமாறி, சாயங்காலம் கண்டுபிடித்தது. அவருடைய நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி எல்லோருக்கும் முந்தி எச்சரிக்கை கொடுத்திருந்தது. கருவி தங்கம். ஆனால் அதைப் பார்க்க அங்கே ஒரு மனிதர்கூட இல்லை.

முடிவு சொல்லும் கூட்டத்தில் இயக்குநர் அவரைப் பார்த்தார். "அலாரம் அடிச்சிருக்கு. ஏன் யாரும் பார்க்கல?"

அவர் சிரித்தபடி, பக்கத்தில் இருந்த தன் நிறுவனத்து இளம் பொறியாளர் பெண்ணைக் காட்டினார். "இவங்க பொறுப்புல இருந்தது சார். நான் இவங்ககிட்ட பேசிக்கறேன்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அன்னைக்கு உங்களுக்கு டியூட்டியாம்மா?"

பெண் தரையைப் பார்த்தாள். "சொல்லு" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"இல்லைங்க மேடம். லீவு நாள்ல யாரையும் போட வேணாம்னு சார்தான் சொன்னாரு. எப்பவுமே அப்படித்தான்."

அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கிப் போவதை அவள் ஒரு வாய் விடாமல் பருகினாள். அவருடைய முதலாளிக்கு, அவர் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள், ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை.

முதலில் போன் செய்த நிறுவனத்துக்கே ஒப்பந்தம் போனது. நல்ல கருவியை விட்டுவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அந்தப் பெண்ணை அங்கே வேலையிலிருந்து நிறுத்தியபோது இவள் தன்னிடமே சேர்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவரும் நிறுத்தப்பட்டார். ஒருநாள் வரவேற்பறைக்கு வந்து, அவளைப் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தார். அவள் கேமராத் திரையில் அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டாள். போகும்போது பின்வாசல் வழியாகப் போனாள்.

"மனசு ஆறுச்சாடி?" என்று கேட்டாள் அக்கா.

"ஆறுச்சுக்கா."

"பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.