ஏழாம் ரீல்

ஆலங்குடி டூரிங் கொட்டகையில் அந்தப் படம் முப்பத்தெட்டு நாள் ஓடியது. முப்பத்தெட்டு நாளும் ஓட்டியவன் நான். பாழாய்ப்போன படம்.

மெட்ராஸில் ஒரு கம்பெனி மானேஜர். இன்னும் பெரிய மானேஜர் ஆக வேண்டும் என்று பறக்கிறவன். கார் ரிப்பேராகி ஒரு கிராமத்தில் மாட்டிக்கொள்கிறான். ஆட்டுக்கடா துரத்துகிறது, வாய்க்காலில் விழுகிறான், வாத்தியாரம்மாவைக் காதலிக்கிறான். அவள் கல்யாணம் என்றதும், "முதல்ல ஒரு நிலைக்கு வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆறாம் ரீலில் ஊருக்குப் போகிறான். ஏழாம் ரீல் முழுக்க மெட்ராஸ். பதவி, பங்களா, தனிமை, ஞானோதயம். எட்டாம் ரீலில் திரும்பி வந்து தாலி கட்டுகிறான். வேலையை விட்டுவிட்டு வருகிறானாம்! கதை எழுதின மகராசன் ஒரு நாளாவது படம் ஓட்டுகிற தகரக் கேபினில், மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் புகையைத் தின்றிருப்பானா?

அந்தக் கேபின் ஆறடிக்கு ஐந்தடி. முந்தைய ஆப்பரேட்டர் கார்பனை எரியவிட்டு டீ குடிக்கப் போனதில் பாதிக் கொட்டகை கருகிவிட்டது. அதிலிருந்து முதலாளி பிச்சைமுத்து, படம் ஆரம்பித்ததும் கதவை வெளியே தாழ் போட்டுவிடுவார். கூட்டம் கலைந்த பிறகுதான் திறப்பார். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் இடைவேளை உண்டு. முறுக்கு விற்கிறவன்கூட உலாத்துவான். நான் மட்டும் உள்ளேயே கிடப்பேன். எனக்கு வெளி உலகம் என்றால் படம் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஓட்டைதான்.

அதன் வழியாகப் பார்த்தால் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் அமிர்தவல்லி தெரிவாள்.

இரண்டு வருஷப் பழக்கம். சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். "எப்ப வந்து பொண்ணு கேக்கப்போறீங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நானும் அந்த மானேஜர் சொன்னதைத்தான் சொல்வேன். படத்தில் அந்த வசனம் வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து திரையில் மணல் வந்து விழும். அவள் மட்டும் கேபினைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

போன வாரம் எனக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பெரிய தியேட்டர், இரண்டு மெஷின், தலைமை ஆப்பரேட்டர். திங்கட்கிழமை சேர வேண்டும். புதன்கிழமை அவளிடம் காட்டினேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நார்த்தாமலையில எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து ஒம்பது மணி பஸ்ஸுல கூட்டிட்டுப் போறாரு. ஏதாச்சும் சொல்றதுன்னா அதுக்குள்ள சொல்லிருங்க."

வியாழன் முழுக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன மனுஷன் நான்!

வெள்ளிக்கிழமை பெண்கள் வாசலில் அவளுக்குப் பதில் அவள் சின்னம்மா நின்றாள். ஆறாம் ரீலில் மானேஜர் காரில் ஏறினான். அவளில்லாமல் இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? மணி எட்டரை. இன்னும் இரண்டு ரீல். படம் முடிய ஒன்பதே கால். கதவைத் தட்டினேன், கத்தினேன். ஆயில் எஞ்சின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

ஏழாம் ரீலை எடுத்த கை நின்றது. இது இல்லையென்றால் ஒன்பதுக்கு முன்பே கூட்டம் கலையும், கதவு திறக்கும். அதைக் கீழே வைத்துவிட்டு எட்டாவதை மாட்டினேன்.

ஊருக்குப் போனவன் அடுத்த நிமிஷமே மாலையோடு வந்து நின்றான். செருப்பு பறக்கும் என்று குனிந்துகொண்டேன். கொட்டகையே கைதட்டியது. நாதஸ்வரம் முழங்கியது, சுபம் விழுந்தது, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். பதவியும் பங்களாவும் எங்கே என்று கேட்க ஒரு நாதியில்லை. என் இரண்டு வருஷக் கனவு மொத்தமும் அந்த இருபது நிமிஷ ரீல்தான்.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. கதவு அசையவில்லை. ஒன்பதே காலுக்கு முடிகிற படம் என்று முதலாளி டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். தகரம் நெளிந்ததே தவிர தாழ் விடவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

தாழ் விலகியது.

அமிர்தவல்லி நின்றாள். மூச்சு வாங்கியது. பின்னால் டிரங்குப் பெட்டியோடு அவள் அண்ணன் சோலையப்பன்.

"படத்தோட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. கார் போற சத்தம் முடிஞ்சு நேரா நாதஸ்வரம் வந்துச்சு. ஏழாம் ரீல் என்னாச்சு?"

"ஓட்டலை."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கலை."

அவள் சிரிக்கவில்லை. "நான் கேக்குறேன். அந்த ஆளு எதுக்குத் திரும்பி வந்தாருன்னு சொல்ற ரீல் அது. நீங்க அதை ஓட்டாம விட்டுட்டீங்க. இப்ப நீங்கதான் சொல்லணும்."

பஸ் ஹாரன் அடித்தது. சோலையப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அமிர்தம் இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதுங்க," என்றேன் அவரிடம். "நான் கட்டிக்கிறேன். மெட்ராஸ் வேணுமா வேண்டாமான்னு அது சொல்லட்டும்."

"நான் எப்ப மெட்ராஸ் வேணாம்னேன்?" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. "என்னைய விட்டுட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான்."

ஹாரன் இன்னொரு தடவை அடித்து, பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. சோலையப்பன் பெட்டியை மணலில் இறக்கி வைத்தார்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. பேசுறதை வெளிய வந்து பேசுங்க."

அப்போதுதான் கவனித்தேன். கதவு திறந்து இவ்வளவு நேரமாகியும் நான் கேபினுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.