மாவுக்கட்டு

தம்பியின் உடலுக்குக் கட்டப் புது வேட்டி தேடிப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த சீதளநாதன், சுவரைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அடுக்கிய பின்கட்டு அறை அது. தம்பி ஜினேந்திரன் படுத்துக்கொள்வது அங்கேதான். கட்டிலை ஒட்டிய சுவரில் கரித்துண்டால் கோடுகள். ஐந்து ஐந்தாக, வரிசை வரிசையாக, இடுப்புயரத்திலிருந்து தரைவரை இறங்கியிருந்தன. மூட்டைக் கணக்கா? மூட்டைகள் முப்பதுதான். நாள் கணக்கா? ஒரு நாளைக்கு ஐந்து கோடு யார் போடுவார்கள்? கேட்கலாமென்றால் போட்டவன் இல்லை. கல்யாணமே வேண்டாமென்று நாற்பத்திரண்டு வயதுவரை இருந்தவன், காலையில் பல் துலக்கப் போன கிணற்றடியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

கட்டிலில் அவருடைய இளைய மகள் நீலாஞ்சனா அழுதுகொண்டிருந்தாள். ஐந்து வயது. வலது கால் முழங்கால்வரை மாவுக்கட்டு. விடிந்ததிலிருந்து ஓயாத அழுகை. சித்தப்பாவுக்காக அழுகிறாள் என்று வீடே நினைத்திருந்தது.

பிறக்கும்போதே அவள் பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. தங்கள் குடும்பத்தில் அப்படியொரு கால் இருந்ததில்லை என்பது சீதளநாதனின் பேச்சு. ஆகவே இருப்பதாக வெளியே தெரியவும் கூடாது. மூத்தவளுக்கு வல்லத்தில் சம்பந்தம் பேசி முடிக்கும் நேரம் வேறு. இளையவள் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். வாரந்தோறும் பிள்ளையைப் போர்வையில் சுற்றி, முதல் பஸ்ஸில் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்க் கட்டு மாற்றிவந்தது ஜினேந்திரன்தான். நேற்றும் போயிருந்தான். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அப்படியொரு கால் உண்டென்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இன்று கேட்டார்.

“இது இன்னாம்மா, செவுத்துல?”

“என் வெரலு, நைனா.” விக்கலுக்கு நடுவே சொன்னாள்.

“வெரலா?”

“சித்தப்பா நகத்த அமுக்குவாரு. வெள்ளையாவும். வுட்டா செவக்கும். செவந்தா ஒரு கோடு. அஞ்சும் செவந்தா அஞ்சு. ராத்திரிலகூட எழுப்பி அமுக்குவாரு. ரத்தம் ஓடுதான்னு நர்ஸம்மா அப்டித்தான் பாக்கச் சொன்னாங்க.”

சீதளநாதன் குனிந்து கடைசி வரிசையைப் பார்த்தார். மூன்று கோடுகள்தான் இருந்தன.

“இத்த எப்ப போட்டாரு?”

“காலைல. கட்டு இறுகிப்போச்சு, பல்லு வெளக்கிட்டு வரேன், பஸ்சுக்குப் போவலாம்னாரு. வரவே இல்ல. வலிக்குது நைனா.”

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் வீங்கிக் கருநீலமாக இருந்தன. தொட்டார். சில்லிட்டிருந்தன. பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டார். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான்.

“நர்ஸம்மா கட்ட எப்டிம்மா பிரிப்பாங்க?”

“சுடுதண்ணில ஊறப்போட்டு.”

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அன்று அந்த வீட்டிலிருந்த வெந்நீர், பிணத்தைக் குளிப்பாட்டச் சமண வழக்கப்படி துணியில் வடிகட்டி, முற்றத்தில் அண்டாவில் காய்ச்சியது மட்டுந்தான். முற்றத்துக்கு இந்தப் பக்கம் தம்பி பெஞ்சில் கிடந்தான். அந்தப் பக்கம் வல்லத்திலிருந்து வந்த சம்பந்தக்காரர் தர்மநாதன், தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட சீதளநாதன், நடையில் நின்றார். தோளிலிருந்த துண்டைக் கட்டின்மேல் போர்த்தினார். பிறகு அதை எடுத்துவிட்டு நடந்தார்.

முற்றத்தில் மனைவி ஜெயமாலா பதறி எழுந்தாள். “இன்னாங்க இது! இங்க எதுக்கு எடுத்தாந்தீங்க, அவங்கெல்லாம்...”

“குண்டான எடுத்துக்கினு வா.”

அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணையாள் தனகோட்டி குறுக்கே வந்தான். “ஐயா, அது தம்பிய குளிப்பாட்டற தண்ணி. மொதல்ல இதுல வேற ஒண்ணு...”

“அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். மொள்ளுடா.”

பச்சைத்தண்ணீர் கலந்து சூட்டைக் கை வைத்துப் பார்த்தார். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தி, காலைக் குண்டானில் இறக்கினார். அவர் முற்றத்துத் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தர்மநாதன் எழுந்து வந்தார்.

“பொண்ணு மாமன் வூட்ல இருக்குதுன்னு சொன்னீங்களே?”

“இங்கதான் இருந்துது.”

“பொறவிலயே இப்டியா?”

“பொறவிலயே.”

தண்ணீர் பால்போலக் கலங்கியது. கட்டின் முனை தெரியவில்லை. சீதளநாதனின் நகங்கள் மாவில் வழுக்கின. கடைசியில் ஒரு நூல் கிடைத்தது. இழுத்தார், ஒரு சுற்று வந்தது. மறு சுற்று வரவில்லை. மேலும் மேலும் வெந்நீர் ஊற்றி அண்டா பாதியாயிற்று.

ராஜகிரி மலைக்கோட்டையின் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது இறங்குமுன் பிணத்தை எடுத்துவிட வேண்டும். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“இன்னோர் அண்டா வைங்கப்பா,” என்றார் தர்மநாதன். யாரையும் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கடைசிச் சுற்று கழன்று விழுந்தது. உள்ளே கால் மெலிந்து, தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பாதம் இன்னும் முழுக்க நேராகவில்லை. முன்பிருந்த மடிப்பில் பாதிதான் இருந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. கிணற்றில் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. துணி கட்டிய குடத்தில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். பெஞ்சில் தம்பி காத்திருந்தான்.

சீதளநாதன் பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டார். வெளுத்தது. எல்லோரும் பார்க்க, குனிந்தபடியே இருந்தார். நெடுநேரம் கழித்து, ஓரத்திலிருந்து சிவப்பு ஊறி வந்தது.

அடுத்த விரலைப் பிடித்தார்.

“மெதுவா, நைனா,” என்றாள் நீலாஞ்சனா. “சித்தப்பா இம்மாம் அழுத்த மாட்டாரு.”

அவர் கட்டைவிரலைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார்.