படிக்காமல் விட்ட வரி

சட்டையில் மூன்றாவது பொத்தான் அறுந்துவிட்டது, தைத்துக் கொடு என்று கேட்டார் என் கணவர். நான் அடுப்பை விட்டு நகரவில்லை.

"உங்க என்ஜினியரம்மாகிட்ட குடுங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அவங்களுக்கு ஊசில நூல் கோக்க முடியாதும்மா. கண்ணு மங்கல்."

"அது வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா!"

சிரித்தபடி ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டார். நான் நகலெழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நகரமன்றக் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வரும்போது, பேருந்தில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்க்கட்சி உறுப்பினர். ஊர் வைத்த பெயர் 'வெளிநடப்பு'. அவர் மன்றத்தில் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்த குத்தல் பேச்செல்லாம் நான் எழுதியது. ரயில்பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். 'ஊருக்கு இலவச நீச்சல்குளம் கட்டித் தந்த தலைவருக்கு நன்றி' என்று எழுதிக் கொடுத்தேன். செய்தித்தாளில் வந்தது. முடிவெட்டும் கடையில்கூட சொல்லிச் சிரித்தார்களாம். அடுத்த மழைக்கும் தண்ணீர் நின்றது. நானும் அடுத்த வரியை எழுதினேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்தத் தண்ணீரில் தபால்காரர் சைக்கிளோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் என்ஜினியரம்மாவைத் தேடிப் பிடித்தார். ஞாயிறுதோறும் காலையில் இருவரும் சுரங்கப்பாதையை அளக்கப் போனார்கள்.

அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள், மூட்டுவலிக்காரி. அழகின்மேல் வந்த பொறாமையாக இருந்தால் கண்ணாடியைப் பார்த்து ஆறியிருப்பேன். இது, அவர் பிடித்த டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள்மேல் வந்த பொறாமை. அதற்கு மருந்து கிடையாது.

ஒரு ஞாயிறு ஓட்டமாக வந்தார். "கேட்டியா கூத்த! தண்ணிய எறைக்கிற மோட்டார பள்ளத்துக்குள்ளயே வெச்சிருக்கானுங்க. மழை வந்தா மொதல்ல முழுகுறதே அதுதான்!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பேனாவை எடுத்தேன். "விடுங்க, இத நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்மா. சிரிப்பாங்க. சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. மோட்டார மேட்டுக்கு மாத்த என்ஜினியரம்மா வழி சொல்லியிருக்காங்க. எத்தன அடி, எத்தன குழாய், எத்தன நாள் வேலைன்னு எல்லாம் இருக்கு. நீ நல்ல கையெழுத்துல எழுதிக் குடு, போதும்."

போதுமாம். பன்னிரண்டு ஆண்டு எழுதியவளை நகலெடுக்கச் சொல்கிறார்! எழுதினேன். எல்லாம் அவளுடைய அடி, அவளுடைய குழாய். என் சொல் ஒன்றுகூட இல்லாத காகிதத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'நீரிறைக்கும் மோட்டாரையே நீருக்குள் வைத்த நிர்வாகத்துக்கு நீந்தக் கற்றுத்தர நாங்கள் தயார்.' அவரிடம் சொல்லவில்லை.

அவர் போன நான்காம் நாள் என்ஜினியரம்மா அந்தக் காகிதத்தோடு வந்தாள். கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் இருந்தாளாம். கூட்டம் முடிந்ததும் காகிதத்தை அவளிடம்தான் கொடுத்தாராம்.

"இவர் எந்திரிச்சதும் தலைவரே கேட்டாரு, 'என்ன வெளிநடப்பு, இன்னிக்கு என்ன நக்கல்?'னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சொல்ற நக்கலச் சாக்கா வெச்சு தள்ளிவிட ரெடியா இருந்தாங்க தங்கச்சி. இவர் காகிதத்தப் பிரிச்சாரு. மொத வரியப் பாத்துட்டு அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. வாயப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் ரெண்டாவது வரிலேர்ந்து படிச்சாரு. மறுத்துப் பேச அவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஒருமனதா நிறைவேறுச்சு."

"படிக்கலயா?"

"படிக்கல. ஆனா பக்கத்துல இதப் பாருங்க."

என் வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் கிறுக்கியிருந்தார்: 'அடுத்த தடவைக்கு.'

நான் அழுதது அதற்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்காகவும்தான். ஆனால் என் வரிக்காக அவர் சிரித்த கடைசிச் சிரிப்பை, கண் மங்கலான இவள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

மோட்டார் இப்போது மேட்டில் இருக்கிறது. போன மழையில் சுரங்கப்பாதையில் செருப்பு நனையும் அளவுக்குக்கூட தண்ணீர் நிற்கவில்லை. தபால்காரர் அந்த வழியாகத்தான் போகிறார். தலைவர் தன் திட்டம் என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும். என்ஜினியரம்மா எப்போதாவது வருவாள். வரும்போதெல்லாம் கேட்கிறேன், "எப்படிச் சிரிச்சாரு? இன்னொரு தடவ சொல்லுங்க." சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சட்டையைத் துவைத்துக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தில் அந்த ஊக்கு இன்னும் இருக்கிறது.