ஒவ்வொரு பாட்டிலும் டீச்சர் முகம்

ஸ்டுடியோக்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். வாழ்க்கை முழுக்க அடுத்தவன் மூஞ்சியைப் படம் எடுத்தவருக்கு அந்தப் புத்தி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஸ்டுடியோவை மூடினபிறகு மனைவியின் நடனப் பள்ளியில் பாட்டுப் போடுகிற வேலை அவருக்கு. ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்த அறைக்கு அவர்தான் ராஜா. கம்ப்யூட்டரில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை ஏற்றினதும் அவரே. சும்மா கிடைத்ததில் எவனும் ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

அந்தக் கம்ப்யூட்டர்தான் போன வாரம் ஒத்திகையில் மானத்தை வாங்கியது. முப்பத்தைந்தாவது பாட்டு தொடங்கினதுமே உறைந்துபோய் நின்றது. நாற்பது பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றபடி அவரையே பார்த்தார்கள்.

டீச்சர் சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை பெத்தவங்க முன்னாடி இப்படி நின்னுச்சுன்னா நீங்க வாசல்ல சீட்டு கிழிக்கப் போயிடுங்க. பாட்டை என் தம்பி பாத்துக்குவான்" என்றாள்.

தம்பி கம்ப்யூட்டர் வேலைக்காரன். சனிக்கிழமை காலையே பையோடு வந்துவிட்டான். நாற்காலிக்கு ஆசைப்பட்டவனையே கோளாறு பார்க்க அனுப்பினால் எவன் வயிறு எரியாது?

"எழுந்திரிங்க அத்தான்."

"நின்னுக்கிட்டுப் பாரு மாப்ளே. கண்ணு தெரியும்ல?"

அவன் சிரித்துக்கொண்டு கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். எந்த மென்பொருள் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று அதில் எண்கள் ஓடின. "பாட்டுப் போடுங்க."

போட்டார். பாட்டு ஓடி முடிகிறவரை எண் அசையவில்லை.

"பாத்தியா, கோளாறே இல்லை."

"அடுத்த பாட்டு."

எண் நூறு எம்பி ஏறியது. அதற்கடுத்த பாட்டுக்கு இன்னொரு நூறு. "பாடும்போது ஏறலை, பாட்டு மாறும்போதுதான் ஏறுது. பாட்டுப் போடுற பிளேயர் எதையோ மெமரியில எடுத்துட்டுத் திருப்பி விடாம வச்சிருக்கு. முப்பத்தஞ்சு பாட்டுல உங்க நாலு ஜிபி ரொம்பிடும்" என்றான் தம்பி. பிறகு தன் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அதிலிருந்த பாட்டுகளைப் போட்டுப் பார்த்தான். பத்துப் பாட்டு மாறியும் எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்க பாட்டுல மட்டும் என்ன அத்தான் இருக்கு?"

ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் நாற்காலி போகும். சொன்னால் மானம் போகும்.

"போட்டோ."

"என்ன போட்டோ?"

"உங்க அக்கா போட்டோ. பாட்டு ஓடும்போது அட்டைப்படம் மாதிரி திரையில வரும்ல. நூத்திப் பன்னெண்டு பாட்டுக்கும் வேற வேற போட்டோ வச்சேன். ஸ்டுடியோ கேமராவுல எடுத்தது, சின்னதாக்கலை. சின்னதாக்கினா பாவமா இருந்துச்சு."

தம்பி திரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சா வெளியே போடா."

"தப்பு உங்க மேல இல்லை அத்தான். பிளேயர் எழுதினவன் மேல. படத்தைத் திறந்து காட்டுது, பாட்டு முடிஞ்சதும் விட்டுத் தொலைக்க மறந்துடுது. சின்னப் படம் வச்சவன் யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது."

பிளேயரின் மூல நிரலை இறக்கி, படம் திறக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, விடுவிக்கிற வரி ஒன்றைச் சேர்த்து பிளேயரை மறுபடி உருவாக்கினான். ஸ்டுடியோக்காரர் நம்பவில்லை. சாப்பிடாமல் கொள்ளாமல் நூற்றிப் பன்னிரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏறின நூறு ஒவ்வொரு முறையும் இறங்கிவிட்டது. அதன்பிறகுதான், "பரவாயில்லை, வேலை தெரிஞ்சவன்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிறு நிகழ்ச்சியில் நாற்பத்தெட்டுப் பாட்டு. முப்பத்தைந்தாவது வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் காலைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், ஓடினார்கள். பாட்டு ஓடியது.

கடைசிப் பாட்டில் டீச்சர் வியர்வையோடு அறைக்குள் வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தத் திரையை அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. திரை முழுக்க அவள் முகம்.

"இதை யாரு வச்சது?"

"கம்ப்யூட்டர்ல தானா வருது."

"தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான்." குனிந்து உற்றுப் பார்த்தாள். "இது நல்லா இல்லை. மூக்கு பெரிசா தெரியுது. எல்லாத்தையும் மாத்துங்க."

"நூத்திப் பன்னெண்டு இருக்கு டீச்சர்."

"இருக்கட்டுமே. இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு உங்களுக்கு வேற என்ன வேலை?"