இடது காதுக்குக் கேட்டது

ஹார்லன் பீச்சமின் இடது காது சுத்தமாகச் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் அலாரம் வைத்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு கிடக்கும், இவன் பாட்டுக்குத் தூங்குவான். ராணுவ மருத்துவமனையில் என்னென்னவோ கருவிகளை மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட காதில்தான், இரும்பு கடையும் லேத்துப் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், பட்டப்பகலில், ஆரின் ஸ்டப்ஸின் குரல் கேட்டது.

"கிளியர். போடா ராசா."

ஆரின் அவனுடைய பட்டாளத்துக் கூட்டாளி, செத்துப்போனவன். ஹார்லனின் காது போன அதே நாளில், அதே வெடியில் போனவன்.

சாகினா என்கிற ஊரின் கோடியில், முன்பு மரச்சாமான் கடையாக இருந்த கட்டடத்தில் பயிற்சி நடந்தது. பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் பிழைப்பு மாறியவர்கள்: மூடிப்போன கடையின் காசாளர், முதுகு போன லாரி ஓட்டுநர், பத்தொன்பது வருஷம் ஊரார் தலைக்குச் சாயம் பூசிச் சலித்துப்போன இமெல்டா. ஹார்லன் அதற்கு முன் காவல்காரனாக இருந்தான், கிடங்கில் பெட்டி தூக்கினான், எதிலும் நிலைக்கவில்லை. அக்கா வீட்டு நிலவறையில் படுக்கை. அக்காவின் பொறுமையும் கரைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் தேறினால் ஆற்றோரப் பம்பு ஆலையில் வேலை. தேறாவிட்டால் இன்னொரு முறை படிக்க அரசாங்கம் உதவாது. இந்த வேலையை விட்டால் தனக்கு வேறு கதி இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சி தந்த ஜோலீன் கஸ்பர் சிடுமூஞ்சி. பழக்கதோஷத்தில் ஹார்லன் மேடம் என்று கூப்பிட்டால் முறைப்பாள். பெரிய லேத்துக்கு அவள் வைத்த சட்டம் இது: லீவருக்கு முன்னால் நிற்பவருக்கு இயந்திரத்தின் பின்பக்கம் தெரியாது. ஆகவே மறுகோடியில் ஒருவர் நிற்க வேண்டும். லீவர்காரர் தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு "கிளியரா?" என்று கேட்க வேண்டும். மறுகோடிக்காரர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு "கிளியர்" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் லீவர்.

இன்னொரு சட்டம் சாவியைப் பற்றியது. இரும்புத் தண்டைக் கவ்விச் சுழல்கிற பிடிக்கு 'சக்' என்று பெயர், அதை இறுக்க ஒரு கனத்த சாவி உண்டு. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு லேத்தை ஓட்டினால் சாவி பறந்துபோய் யார் பல்லிலாவது நிற்கும். ஓட்டாவிட்டாலும் மறந்தது மறந்ததுதான். மறந்தவர் மறுநாள் காலை எல்லாருக்கும் டோனட் வாங்கி வரவேண்டும். லாரி ஓட்டுநர் வாங்கி வாங்கியே ஓய்ந்துபோனார். ஹார்லன் ஒருநாளும் வாங்கியதில்லை. கஞ்சப்பயல் என்று கிண்டல் செய்தார்கள்.

முதல்முறை அந்தக் குரல் கேட்டபோது அவனுக்கு உடம்பு சில்லிட்டது. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பிடித்தும் போனது. "கிளியரா?" என்பான், இடது காதோரம் பதில் வரும், லீவரைத் தூக்குவான். அக்கா வீட்டின் ஆளில்லாத நிலவறையைவிட இது தேவலை. கண்ணால் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டான். பட்டாளத்தில் அப்படித்தான், கூட்டாளி கிளியர் என்றால் கிளியர். திரும்பிப் பார்ப்பது அவனை அவமதிப்பது.

புதன்கிழமை அப்படித்தான் கேட்டான். பதில் வந்தது. லீவரில் கை வைத்தான். மறுகோடியில் இமெல்டா பாய்ந்து, இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். சாவி சக்கிலேயே இருந்தது, அவன் மூக்குக்கு நேராக.

ஹார்லனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆரின் பேரை எடுக்க முடியாமல் பழியை அவள்மேல் போட்டான். "நீ கிளியர்னு சொன்னல்ல?"

"நான் எங்கப்பா சொன்னேன்? நீதான சொன்ன."

"நானா?"

"தினமும் நீயே கேக்குற. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே பதிலும் சொல்லிக்கிற. வேற ஆளு மாதிரி, தெக்கத்திக்காரன் மாதிரி இழுத்து இழுத்து. ஏதோ பட்டாளத்து வெளையாட்டுன்னு நெனச்சேன்."

"என்னன்னு சொல்றேன்?"

இமெல்டா அவனை ஒருமாதிரி பார்த்தாள். "கிளியர். போடா ராசா."

ஆரினின் அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட.

மறுநாள் டோனட் வாங்கி வந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். இமெல்டா மட்டும் எடுக்கவில்லை. அவனைத் தனியே கூப்பிட்டு, தேர்வில் தானும் அவனும்தான் ஜோடி, தன் கையும் அந்த லேத்துக்குள்தான் போகும், ஜோலீனிடம் சொல்லிவிடு என்றாள். சொன்னால் வாசலைக் காட்டிவிடுவாள் என்றான் ஹார்லன். கெஞ்சினான். கடைசியில் ஒரு வழி சொன்னான்: கேள்வி கேட்டதும் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வேன், என் வாயிலிருந்து எதுவும் வராது. இமெல்டா அரைமனதாகத் தலையாட்டினாள்.

அன்று நிலவறையில் படுத்துக்கொண்டு ஆரினைத் திட்டித் தீர்த்தான். ஆப்கானிஸ்தானில் ஒரு மண்வீடு. ஆரின் முன்னால் போனான். ஹார்லன் வாசலில் நின்று கிளியரா என்று கேட்டான். பதில் வந்தது. இடது காதோரம் கேட்ட அந்தப் 'போடா ராசா'வை நம்பிக் காலை வைத்தான். வாசற்படியில் வெடியோடு இணைத்த கம்பி இருந்தது. ஆரினைப் பின்கட்டுக்கும் அப்பால், கிணற்றடியில் கண்டெடுத்தார்கள். வெடி தூக்கி எறிந்திருக்கும் என்றார்கள். பார்க்காமல் சொன்னானே பாவி என்கிற கோபம் ஹார்லனுக்கு அன்றிலிருந்து ஆறவே இல்லை. ஜார்ஜியாவிலிருந்து ஆரினின் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார், பேசச்சொல்லித் தொலைபேசி எண்ணும் எழுதி. அவன் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஜோலீன் இயந்திரத்துக்கு எதிரே, மேடையில் ஏறி நின்றுகொண்டாள். ஹார்லன் கேட்டான், கைக்குட்டையைக் கடித்தான், சாவி கொக்கியில் தொங்குகிறதா என்று கண்ணால் பார்த்தான். மறுகோடியிலிருந்து இமெல்டாவின் குரல் வந்தது, வலது காதில், மனுஷக் குரலாக. லீவரைத் தூக்கினான். இரும்பு சுருள்சுருளாக உதிர்ந்தது. அளவு மயிரிழை பிசகவில்லை. இடது காதில் ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து இமெல்டாவின் முறை. இப்போது மறுகோடியில் ஹார்லன். கைக்குட்டை பல்லிலேயே இருந்தது. பார்த்து முடித்த பிறகுதான் எடுப்பது என்று வைத்திருந்தான். இமெல்டா அவசரப்பட்டாள். தண்டைப் பொருத்தினாள், சக்கைக் கையால் திருப்பினாள், கேட்டாள்.

"கிளியரா?"

ஹார்லன் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தான். சக்கின் பின்புறத்தில், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சாவி நீட்டிக்கொண்டிருந்தது.

"கிளியர். போடா ராசா."

இமெல்டாவின் கை லீவருக்குப் போனது. ஹார்லன் பாய்ந்து தன் பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அடித்தான். லேத்து அசையவில்லை. சாவியை உருவித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

இமெல்டாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "கடிச்சுக்குவேன்னு சொன்னியே. மறுபடி சொல்லிட்டியே, பாவி."

ஹார்லன் தன் வாயைச் சுட்டிக்காட்டினான். கைக்குட்டை பல்லில் இருந்தது.

"அவன் சொல்லல." மேடையிலிருந்து ஜோலீன் இறங்கி வந்தாள். "நான் அவன் வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். துணியக் கடிச்சபடி நின்னான். ஆனா எனக்கும் கேட்டுச்சு. யாரு பேசுனது?"

இமெல்டா ஹார்லனைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது தோளுக்குப் பின்னால், வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோலீன் இரண்டு பேருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டாள். ஹார்லனைப் பற்றிக் கேட்டவர்களிடம், வாயை நம்பாமல் கண்ணை நம்பினான், எனக்கு அது போதும் என்றாள். அன்று மாலையே அந்த லேத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டாள். காரணம் யாரும் கேட்கவில்லை.

ஹார்லன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வேலை கிடைத்த சந்தோஷம் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. இத்தனை வருஷமாக யோசிக்காத ஒன்றை இப்போது யோசித்தான். ஆரின் கிணற்றடியில் கிடந்தான். வெடி தூக்கி எறியவில்லை என்றால்? முன்பே அங்கே போயிருந்தான் என்றால்? கிணற்றடியில் நிற்பவன் பேசினால் வாசலில் நிற்பவனுக்கு அவ்வளவு பக்கத்தில், இடது காதோரத்தில், கேட்குமா? குரலைத்தான் இவன் கேட்டான், ஆரின் சொன்னதைப் பார்க்கவில்லையே. அன்று பேசியதும் ஆளில்லாத இதே குரல்தானோ? ஒரு பாவமும் அறியாதவனையா இத்தனை காலம் திட்டிக்கொண்டிருந்தோம் என்று உடம்பெல்லாம் பதறியது.

ஜார்ஜியா எண்ணை அழுத்தி, தொலைபேசியை வலது காதில் வைத்தான். மணி அடித்தது. வயதான ஒரு பெண் குரல், யாருப்பா என்று கேட்டது. சொல்ல வாயெடுத்தான். இடது காதோரம், தோளுக்குப் பின்னாலிருந்து, பதில் முந்திக்கொண்டது.

"கிளியர். போடா ராசா."

இந்த முறை ஹார்லன் திரும்பினான். பக்கத்து இருக்கையை, அதன் அடியை, பின்னிருக்கையை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் இல்லை. இருந்தும் இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

"அம்மா, நான் ஹார்லன் பேசறேன். ஆரின் மேல ஒரு தப்பும் இல்லம்மா."