நெதர்கோம்பின் கீழ்த்தெரு

1921ஆம் ஆண்டுக் கோடையில், நெதர்கோம்ப் கிராமத்து ஹெஸ்டர் டக்கெட்டின் மேய்ச்சல் நிலத்தில், வீடே இல்லாத இடத்திலிருந்து அடுப்புப் புகை எழ ஆரம்பித்தது. ஊர் இருப்பது சுண்ணாம்புக் குன்றின் மேல். தேவாலயம் மட்டும் கீழே ஓடைக்கரையில், புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது. ஒரு காலத்தில் ஊரும் அங்கேதான் இருந்தது. கொள்ளைநோய் வந்தபோது நடக்க முடிந்தவர்கள் குன்றேறிவிட்டார்கள். முடியாதவர்களும், அவர்களை விட்டுவர மனமில்லாதவர்களும் கீழேயே தங்கி மாண்டார்கள். பிறகு அறுநூறு ஆண்டுக்குக் கிட்ட வெறும் புல்தான். அந்த வருடம் மழை பொய்த்துப் புல் கருகியதும், பழைய சுவர்களும் தெருவும் மண்ணில் கோடுகோடாகத் தெரிந்தன. அடுத்த வாரம் புகை. அதற்கடுத்த வாரம், ஹெஸ்டரின் மாடுகளை அவளுக்கு முன்பே யாரோ கறந்திருந்தார்கள்.

கொல்லன் ஆமோஸ் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன ஹெஸ்டர், உன் குடித்தனக்காரங்க நமக்கு முன்னாடியே எழுந்து அடுப்பு பத்த வெக்கிறாங்க போல?" என்றான்.

"ஆமா, உன்ன மாதிரி சோம்பேறிங்க இல்ல," என்றாள். காலி வாளியோடு நடந்தாள்.

பாதிரியார் வந்து ஜெபித்தார், புகையில் இருமினார், போய்விட்டார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் ஊர் மிரண்டது. நிலத்தை உழுது அந்தக் கோடுகளை அழித்துவிடுவதென்று மதுக்கடையில் முடிவாயிற்று. ஹெஸ்டரும் சம்மதித்தாள். அவள் விதவை, ஒரே மகன் வில்ஃப்ரெட் பிரான்சில் நடந்த போருக்குப் போனவன், புதைக்கக்கூட உடல் வரவில்லை. மிச்சம் இருந்தவை அந்த மாடுகள்தான்.

உழவுக்கு முந்தின நாள் நடுப்பகலில் மாடுகளை ஓட்டிவரக் கீழே போனாள். ஒரு வாசல் இருந்த இடத்திலிருந்து பெண்குரல் வந்தது. ஆள் இல்லை, ரொட்டி வேகும் வாசனை மட்டும்.

"ஏம்மா, மேல போனவங்க எல்லாம் பொழைச்சாங்களா?"

ஹெஸ்டர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "பொழைச்சாங்க. நாங்கல்லாம் அவங்க வழிதான்."

"அப்பாடா. எங்க சின்னவன அவங்க கையில தூக்கிக் குடுத்தேன். அப்புறம் ஒரு சேதியும் இல்ல."

ஹெஸ்டர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மாடுகள் தாமாகவே வீடு திரும்பின.

மறுநாள் ஆமோஸ் குதிரைகளோடு ஏரைக் கொண்டுவந்தபோது வழியை மறித்து நின்றாள்.

"உழக் கூடாது."

"பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு? நேத்து சரின்னியே!"

"அவங்க நம்மளப் பத்திக் கேட்டாங்க, ஆமோஸ். இத்தன காலத்துல நாம ஒருத்தராவது அவங்களக் கேட்டோமா?"

ஆமோஸ் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், குதிரைகளைத் திருப்பினான். குழந்தையின் காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமைக்குள் தணிந்துவிட்டது.

மழை வந்து புல் பச்சையான பின்னும் புகை நிற்கவில்லை. காலைப் பால் கீழ்த்தெருக்காரர்களுக்கு, மாலைப் பால் ஹெஸ்டருக்கு என்று வழக்கமாயிற்று. பல குளிர்காலங்கள் கழித்து அவள் இறந்தாள். அவளுடைய சவப்பெட்டியைத் தேவாலயத்துக்குத் தூக்கிப்போனவர்கள் புல்வெளியைக் குறுக்கே கடக்கவில்லை. புல்லுக்கடியில் இருந்த பழைய தெருவோடு போய், கிணறு இருந்த இடத்தில் திரும்பி, யார் வீட்டுச் சுவரையும் மிதிக்காமல் நடந்தார்கள்.